வத்சலா அக்கா நிறுத்திய பஸ்

வத்சலா அக்கா இறந்துபோன செய்தி எனக்கு மின்னஞ்சலில் வந்தது. வந்தும் எனக்குத் தெரியவில்லை. சான் ஹோசேயில் ஆபீஸில் உட்கார்ந்து காலை மடல்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் குழுவிலிருந்து நாகராஜன் சார் எழுதியிருந்தார். அமைதியே உருவான வத்சலா அம்மா, யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர், இறைவனடி சேர்ந்தார் என்று இருந்தது. பாவம், யாரோ ஒரு வத்சலா அம்மா போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த மடலுக்குப் போய்விட்டேன். மதியம் அக்காவின் மகள் கவிதா போன் பண்ணி, "ஆன்ட்டி, அம்மா..." என்று உடைந்து அழுதபோதுதான் புரிந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு.

போனைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். ஆனால் அழுகையோடு சேர்ந்து வந்தது ஆத்திரம். ஒரு மனுஷியின் சாவை அவளுடைய சிநேகிதிக்கே அடையாளம் தெரியாதபடி எழுத முடியுமா? நாகராஜன் சாரால் முடிந்திருக்கிறது. எதிர்த்துப் பேசாதவராம்! அக்கா எதிர்த்துப் பேசியது யாரை என்று உங்களுக்கெல்லாம் தெரியும். நம் குழு அவருக்காகப் போடும் இந்த நினைவு மலரைப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த பஸ்ஸில் இருந்தவர்கள். பஸ்ஸில் இல்லாதவர்களுக்காகத்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

அக்கா கோபிசெட்டிபாளையத்துக்காரர். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் சான் ஹோசேயில் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. "குத்தம் கண்டுபிடிக்கத்தான் கண்ணு எனக்குச் சம்பளமே" என்று நான் சேர்ந்த முதல் நாளே என்னிடம் சொன்னார். ஒருமுறை வெளியீட்டுக்கு முன்னால் ஒரு பிழையோடு வந்து நின்றார். எங்கள் மேனேஜரும் நம்ம ஊர்க்காரர்தான். "சின்ன விஷயம்ங்க, கஸ்டமர் எவனும் இதைக் கவனிக்க மாட்டான், விட்டுடுங்க" என்றார். அக்கா கொஞ்சமும் குரல் உயர்த்தாமல், "நான் கவனிச்சுட்டேனுங்களே, அதுக்கு என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். வெளியீடு தள்ளிப்போயிற்று. மேனேஜர் அதன்பிறகு அவரோடு லிஃப்டில் ஏறுவதைத் தவிர்த்தார்.

பிறகு கணவருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து அவர்கள் அதன் பக்கத்தில் பேர்லேண்டில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனாலும் வாராவாரம் போன். அப்படி ஒரு போனில்தான், "கண்ணு, இங்க ஒரு கூட்டம் பிரான்சுக்குக் கெளம்புது. என்ற ஊட்டுக்காரரு சோபாவை உட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு. நீ வாறயா?" என்று கேட்டார். எனக்கும் அப்போது லீவு மிச்சமிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த டூருக்குத் தலைவர் நாகராஜன் சார். பெரிய எஞ்சினியர். விருதுநகர்ப் பக்கம். லண்டனும் சுவிட்சர்லாந்தும் எல்லோரும் பார்த்தாயிற்று, நாம் தெற்கு பிரான்சின் பழைய ஊர்களைப் பார்ப்போம், ரோமானியர் கட்டியது, போப்பாண்டவர் வாழ்ந்தது, கோட்டை கொத்தளம் என்று அவர்தான் திட்டம் போட்டார். பஸ் ஏற்பாடு, ஓட்டல் ஏற்பாடு, ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் யார் யார் கொண்டுவருவது என்பது வரை எல்லாம் அவர்தான். உழைத்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உழைத்தவருக்கு மைக்கையும் சேர்த்துக் கொடுத்ததுதான் வினையாகப் போயிற்று.

நாங்கள் போன நேரம் அங்கே அனல் கொளுத்திக்கொண்டிருந்தது. அவின்யோன் என்ற ஊரில் ஓட்டல் வரவேற்பில் இருந்த அம்மாள் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மத்தியானம் வெளியே போகாதீர்கள், ஜன்னலை மூடிக்கொண்டு படுங்கள், சாயங்காலம் போய்ப் பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார். நாகராஜன் சார் பெரிதாகச் சிரித்தார். "மேடம், ஐ ஆம் ஃப்ரம் விருதுநகர்!" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "நாம பார்க்காத வெயிலாய்யா? அக்னி நட்சத்திரத்துல கிரிக்கெட் ஆடினவங்க நாம" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. மதுரைக்காரர் ஒருவர், சேலத்துக்காரர் ஒருவர், ஆளுக்கு ஒரு வெயில் கதை சொன்னார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் காதில், "அந்தம்மா அவிய ஊரைப் பத்திச் சொல்றாங்க. இவரு இவரு ஊரைப் பத்திச் சொல்றாரு. இப்ப நாம எந்த ஊர்ல கண்ணு நிக்கறோம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விருதுநகர் வெயிலில் வளர்ந்தவர்தான், யார் மறுத்தது? ஆனால் அதற்கப்புறம் எத்தனை வருஷம் டெக்சாஸில்? வீட்டில் ஏசி, காரில் ஏசி, ஆபீஸில் ஏசி, கடையில் ஏசி. கோயிலுக்குப் போனால் கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு ஓடுகிற ஓட்டம்தான் அவர்கள் உடம்பில் படுகிற வெயில். அந்த உடம்பை வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் அவின்யோன் வீதியில் நடந்தோம். ஊரே கதவடைத்துக் கிடந்தது. கடைகள் மூடியிருந்தன. மர ஜன்னல்களின் சட்டங்களுக்குப் பின்னால் இருந்து வயதான பெண்கள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். நாய்கூட நிழலை விட்டு எழவில்லை. நாங்கள் மட்டும் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, வீடியோ கேமராக்காரர்கள் முன்னால் போக, போப்பாண்டவர் மாளிகையின் சுவரை ஒரு கல் விடாமல் படம் பிடித்துக்கொண்டு போனோம். பணம் கட்டியாயிற்று, பார்த்தே தீரவேண்டும்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதை நாசூக்காக எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நாசூக்காக எழுத எனக்கு வராது.

முதல் நாளே பஸ்ஸில் ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் போய், கொஞ்சம் எங்கேயாவது நிறுத்தமுடியுமா என்று கேட்டாள். நாகராஜன் சார் மைக்கை எடுத்தார். "லேடீஸ், இது டூர் பஸ்ஸா பாத்ரூம் பஸ்ஸா? ஒவ்வொருத்தருக்கா நிறுத்திக்கிட்டே போனா, நாம போய்ச் சேர்றதுக்குள்ள ரோமானியர் கட்டினது எல்லாம் இடிஞ்சுடும்" என்றார். பஸ் குலுங்கச் சிரித்தார்கள். அந்தப் பெண் முகம் சிவந்துபோய் இருக்கைக்குத் திரும்பினாள். ஆண்களுக்கு என்ன கவலை, டிரைவர் சிகரெட் பிடிக்க ஓரம் கட்டினால் அவர்களுக்கு ஒரு மரம் போதும். காபிக்கடையில் நுழைந்தால் ஏதாவது வாங்கினால்தான் உள்ளே விடுவான் என்று அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருக்க வழி என்ன? தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உதட்டை நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடி வைத்துவிட்டோம். யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லை. எல்லாப் பெண்களுக்கும் அது தானாகவே தெரிந்திருந்தது, எனக்கும்தான். நம் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் ரயிலுக்கும் கிளம்பும்போது செய்கிற அதே காரியம். அதை அந்தக் கொள்ளிக்கட்டை வெயிலில் செய்தோம்.

நீம் என்ற ஊரில் ரோமானியர் கட்டிய பெரிய வட்ட அரங்கம் இருக்கிறது. கல் படிகள் சுற்றிச் சுற்றி மேலே போகும். அங்கே உச்சி வேளையில் போய்ச் சேர்ந்தோம். கல்லில் கை வைக்க முடியவில்லை. நாகராஜன் சார் கீழே நின்று வீடியோ எடுத்துக்கொண்டே, "சாரதா, இன்னும் மேல ஏறு! முழு வட்டமும் வரணும்!" என்று கத்தினார். சாரதா அவர் மனைவி. யார் எது சொன்னாலும் சிரித்துக்கொண்டே செய்கிறவள். ஏறினாள். உச்சிப் படியில் திரும்பி நின்று கையை ஆட்டினாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். "போஸ் குடுத்தது போதும், எழுந்திரு" என்று இவர் கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது!

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். சாரதாவின் உடம்பு காய்ந்துபோய்க் கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படிகளுக்கு அடியில் இருக்கும் இருட்டு நடைவழிக்கு இறக்கினோம். அங்கே குளிர்ந்திருந்தது. அக்கா அத்தனை பேர் பாட்டிலையும் பிடுங்கி அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். காவலாளி போன் பண்ணியதும் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். அந்த ஊரில் ஆம்புலன்ஸ் வேலையையும் அவர்கள்தான் பார்ப்பார்களாம். எங்களில் ஒருவர், "எங்கய்யா தீ பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். "வாயை மூடிட்டு வழி உடுங்க" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். இவள் எப்போது கடைசியாகத் தண்ணீர் குடித்தாள், எப்போது கடைசியாகச் சிறுநீர் கழித்தாள் என்று கேட்டார். "காலையில நல்லாத்தானே இருந்தா" என்றார் நாகராஜன் சார். ஊசியும் சலைனும் ஏறியபிறகு சாரதாவுக்குத் தெளிவு வந்தது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு எதுவும் குடிக்கவில்லை என்றாள். "ஏன் குடிக்கல? பெட்டி பெட்டியா வாங்கி பஸ்ல அடுக்கியிருக்கேனே!" என்று அவர் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டார், கேளுங்கள்! சாரதா மெதுவாகச் சொன்னாள்: "குடிச்சா நிறுத்தச் சொல்லணும். நிறுத்தச் சொன்னா நீங்க மைக்ல பேசுவீங்க."

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், உயிரே போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு ராத்திரி அங்கேயே இருக்கட்டும் என்றார். அக்கா தான் கூட இருப்பதாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாகராஜன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். ரோமானியர் கட்டிய கால்வாய்ப் பாலம் பாக்கியிருக்கிறது, குரூப்பை நடுவில் விட முடியாது, பொறுப்பு இருக்கிறது, காலையில் வந்துவிடுகிறேன் என்றார். போயும் விட்டார். பெண்டாட்டி சலைன் ஏறிக்கொண்டு கிடக்கும்போது பாலம் பார்க்கப் போன பொறுப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. சாரதாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அக்கா நேரே முன்னால் போனார். நாகராஜன் சார் கையிலிருந்த மைக்கை, "கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. சாரதா நல்லா இருக்குது. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். இந்த பஸ்ல காத்தால இருந்து ஒரு டம்ளர் தண்ணி முழுசாக் குடிச்ச பொம்பளைங்க யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"ஆம்பளைங்க?"

அதற்கும் யாரும் கை தூக்கவில்லை, ஆனால் அது குடித்ததை ஒத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு. பின்னாலிருந்து ஒருவர் சங்கடத்தோடு, "அக்கா, இதெல்லாம் மைக்ல பேசற விஷயமா? லேடீஸ் சமாச்சாரம், தனியாப் பேசிக்கலாமே" என்றார்.

"அன்னிக்கு இதே மைக்ல சொல்லி எல்லாருஞ் சிரிச்சீங்களே சாமி, அப்ப மட்டும் பேசற விஷயமா இருந்துச்சா?" என்றார் அக்கா. "சிரிக்கறதுக்கு மைக்கு, செத்துப்போறதுக்குத் தனியாவா?"

அவர் அதற்கு மேல் யாரையும் திட்டவில்லை. டிரைவரிடம் போய், மணிக்கு ஒருதரம் எங்கே கழிப்பறை இருக்கிறதோ அங்கே நிறுத்தவேண்டும் என்று கையைக் காட்டிப் புரியவைத்தார். அந்த பிரெஞ்சுக்கார டிரைவர், இதைத்தானே நான் முதல் நாளிலிருந்து எதிர்பார்த்தேன் என்பது போலத் தலையாட்டினார்.

ஆனால் பெண்களுக்கு அப்போதும் வாய் வரவில்லை. பஸ் நின்றாலும் முதலில் எழுந்து இறங்க ஒருத்திக்கும் கால் வரவில்லை. யார் இறங்குகிறாள் என்று ஆண்கள் பார்ப்பார்களே! அதற்கும் அக்கா ஒரு வழி செய்தார். ஒவ்வொரு தடவையும் அவரே எழுந்து நின்று, உரத்த குரலில், "எனக்குப் போகோணும். நிறுத்துங்க" என்பார். நின்றதும் அவர் இறங்குவார். "அக்காவுக்குத் துணைக்குப் போறேன்" என்று ஒவ்வொருத்தியாக இறங்குவோம். கடைசியில் ஒரு பெண்ணும் இருக்கையில் இருக்கமாட்டாள். பாதி நேரம் அக்கா உள்ளே போகவே இல்லை. வெளியே மர நிழலில் எல்லோருடைய கைப்பைகளையும் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருப்பார். "உங்களுக்குப் போகவேண்டாமா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு எதுக்குக் கண்ணு இப்ப?" என்றார். "யாராச்சும் ஒருத்தி வெக்கத்தை உட்டாப் போதும், மத்தவீங்க நிம்மதியாக் குடிப்பாங்க. பரவால்ல, போச்சாது போ."

இப்படி நின்று நின்று போனதில் கார்கசோன் கோட்டைக்குப் போய்ச் சேரும்போது உட்கோட்டையை மூடிவிட்டார்கள். வெளிச் சுவரைத்தான் சுற்றினோம். சாயங்கால வெயிலில், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தப் பயணத்தில் முதல்முறையாக நான் ஒரு ஊரை ஊராகப் பார்த்தேன். மதில் மேல் காற்று வந்தது. சாரதா ஒரு கல்லில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றாள். ஆனால் ஆண்கள் கூட்டம் தனியாக நின்று குமைந்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்து உட்கோட்டையைப் பார்க்காமல் போகிறோம், எல்லாம் அந்த அம்மாவால் வந்தது. அங்கேதான் அந்தப் பெயரும் பிறந்தது. பாத்ரூம் வத்சலா.

ஊர் திரும்பியும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொங்கல் விழாவில், பிறந்தநாள் விருந்தில், யாராவது காரில் போகும்போது நிறுத்தச் சொன்னால், எங்கும் அதுதான். அவரை எந்தக் கமிட்டியிலும் சேர்க்கவில்லை. அதெல்லாம்கூடப் போகட்டும். அந்த வருஷம் தீபாவளி விழாவில் மேடையில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். புடவை கட்டிய ஆண் ஒருவர் முந்தானையைத் திருகிக்கொண்டு பஸ்ஸில் எழுந்து எழுந்து நின்று, "எனக்குப் போகோணும்ங்க, நிறுத்துங்க" என்று கெஞ்சுவார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எழுதியவர் நாகராஜன் சார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த கவிதா. நாலு வரிசை தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு சாரதா.

அன்றே எனக்கு போன் பண்ணினார். நான் இங்கே கொதித்தேன். "என்ன அநியாயம் அக்கா இது! எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன். அவர் சிரித்தார். "என்னைய மாதிரி நடிச்சவரு நெம்ப மோசம் கண்ணு. நான் எப்பக் கெஞ்சினேன்? அதட்டியில்ல சொன்னேன்! அதைக்கூடச் சரியாப் பாக்கலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கவிதாதான் காருக்குள்ள அழுதுட்டா" என்றார். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார். கவிதா அதற்குப் பிறகு எந்த விழாவுக்கும் வரவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் மேல் பற்றில்லை என்று வருஷாவருஷம் மேடையில் கண்ணீர் விடுகிறீர்களே, இந்தப் பிள்ளைக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று எப்போதாவது யோசித்தீர்களா?

நினைவுக் கூட்டத்துக்கு நான் விமானம் பிடித்து வந்தேன். பெரிய படம், ரோஜா மாலை, குத்துவிளக்கு. நாகராஜன் சார்தான் முதலில் பேசினார். அமைதி, அடக்கம், அனுசரணை என்று அடுக்கினார். அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "நாம போன டூர்லகூட எல்லாருக்கும் எவ்வளவு ஒத்தாசையா இருந்தாங்க" என்று ஒருவர் சொன்னார். ஒத்தாசையாம்! சிரித்த வாய் எல்லாம் வரிசையாக வந்து அழுதது. ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கும் கவிதா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தமிழ் நன்றாகப் புரியும், பேச மாட்டாள். என் காதருகில் குனிந்து, "ஆன்ட்டி, ஹூ ஆர் தே டாக்கிங் அபௌட்?" என்று கேட்டாள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் மலர்க்குழுவினர் என்னிடம் வந்தார்கள். அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். "ஆனா பழைய சண்டை சச்சரவெல்லாம் வேண்டாம் மேடம். பாசிட்டிவ்வா எழுதுங்க. போனவங்களைப் பத்தி நல்லது மட்டும் சொல்லுவோமே" என்றார்கள். நான் நல்லது மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணைச் சாகாமல் காப்பாற்றி, ஒரு பஸ் நிறையப் பெண்களின் வெட்கத்தைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அதற்குக் கூலியாக ஒரு கேவலமான பெயரை வாங்கிக்கொண்டு, அப்படியும் கடைசிவரை தலை குனியாமல் இருந்ததைவிட நல்லது என்ன இருக்கிறது? அவரை அமைதியானவர் என்று சொல்வது அவரை இரண்டாவது தடவை மேடையேற்றிக் கிண்டல் செய்வது. பிடிக்காவிட்டால் அச்சில் போடாதீர்கள். வேண்டிய அளவுக்கு நானே நகல் எடுத்து வீடு வீடாகத் தபாலில் அனுப்புகிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்தது ஒன்றே ஒன்று. கவனித்துவிட்ட ஒன்றைக் கவனிக்காத மாதிரி இருக்க இப்போது என்னால் முடிவதில்லை. ஆபீஸில் இதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை. வீட்டிலும் அவ்வளவாக இல்லை. பரவாயில்லை, வைத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருந்தது. சாரதா. அவள் அந்த வீட்டில் வாழவேண்டியவள். பெயரைச் சொல்லாமல் 'ஒரு பெண்மணி' என்று எழுதிவிடலாமா என்று கேட்க நேற்று அவளுக்கு போன் பண்ணினேன். எழுதியவரைக்கும் படித்துக் காட்டினேன்.

"என் பேரைப் போடு சுமதி. இவர் பேரையும் போடு" என்றாள்.

"சார் சும்மா இருப்பாரா?"

"இருக்க மாட்டார். அதை நான் பார்த்துக்கறேன். இன்னும் ஒண்ணு விட்டுட்டே, அதையும் சேர்த்து எழுது. ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பினப்புறம் நான் பஸ்ல வாயே திறக்கலை. அக்கா மணிக்கு ஒருதரம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாங்க. பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பாங்க. போகணும்னு இருந்தது எனக்கு சுமதி. அக்காவுக்கு இல்லை."